எயிராம் போட்ட பதினோரு சைபர்

ஹோ என்கிற ஊரில் பேச்சுக் கோளாறு வைத்தியப் படிப்புக்கு நிரந்தர வாத்தியார் எயிராம் ஒருத்திதான். மற்றவர்களெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்து, மூன்று வாரம் திரையில் படம் காட்டிவிட்டு மூட்டை கட்டுகிறவர்கள். பன்னிரண்டு வருஷத்தில் நாற்பது பிள்ளைகளைத் தேற்றி அனுப்பியிருக்கிறாள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் பட்டம் வாங்கிய கையோடு ஆஸ்பத்திரிக்கோ விமான நிலையத்துக்கோ ஓடிவிடுவார்கள். ஆராய்ச்சி என்று உட்கார, வகுப்பில் நின்று சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் மிஞ்சவில்லை. தனக்குக் காய்ச்சல் வந்தால் இந்தப் படிப்புக்கே லீவு என்று எயிராம் அலுத்துக்கொள்வாள்.

கடைசியில் அகப்பட்டவள் மாணவி செனானு. கேள்வி கேட்டே ஆளை ஒரு வழி பண்ணிவிடுவாள். இவளை எப்படியாவது அடுத்த வாத்தியாராக்கிவிட வேண்டும் என்று எயிராம் ஒற்றைக் காலில் நின்றாள். ஆய்வுக்கு விஷயமும் அவளே கொடுத்தாள். மூன்று வருஷத்துக்கு முன் எயிராம் தன் டாக்டர் பட்டத்துக்காகச் சோதித்த நோயாளிகளையே செனானு மறுபடி போய்ப் பார்க்க வேண்டும். எல்லாரும் பக்கவாதத்தில் வலது கை விழுந்து, பேச்சும் போனவர்கள். எதிரே நாலு படம் வைத்துக் கோப்பை எது, ஆடு எது என்று கேட்பார்கள். இப்படி இருபது கேள்வி. சரியாகக் காட்டினால் ஒரு மார்க், பத்து விநாடி சும்மா இருந்தால் சைபர். அன்றைக்குப் பதினோரு பேர் முழுச் சைபர். இவருக்கு நாம் பேசுவது எதுவும் புரியாது என்று அந்தந்த வீட்டில் எயிராமே சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

முதலில் தச்சர் அமெடோவின் வீடு. செனானு கேட்டாள், எயிராம் மார்க் போட்டாள். அமெடோ படத்தைப் பார்த்தார், செனானுவைப் பார்த்தார், இடது கையைத் தொடைக்கடியில் இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டார். அதே சைபர். மறுநாள் காலையில் செனானு எயிராமின் அறைக்கு வந்து நின்றாள்.

"மேடம், அவரு எதுக்குக் கையை மறைச்சாரு?"

இதென்ன கேள்வி என்று எயிராமுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பெரிய மனுஷர் வந்தவர்கள் முன்னால் இடது கையை நீட்டுவாரா? செனானு நகரவில்லை. அவள் பிறவி இடது கைக்காரி, அந்தக் கைக்காகப் பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. அந்த ஊர் வழக்கப்படி, யாருக்காவது இடது கையால் ஒன்றைக் கொடுக்க நேர்ந்தால், இடது கைதான், பொறுத்துக்கங்க என்று முதலில் சொல்லவேண்டும். எதிரே இருப்பவர், அதுவும் கைதானே என்பார். அதற்குப் பிறகு குற்றமில்லை. எயிராமும் தினம் சொல்கிற வார்த்தைதான்.

"அந்த வார்த்தையைச் சொன்னாத்தானே கையை நீட்ட முடியும்? அவருக்குத்தான் பேச்சே வராதே, மேடம்."

எந்தக் கையானாலும் சரி என்று வெளிநாட்டுச் சோதனைக் கையேட்டில் ஒரு வரி இருக்கிறது. எயிராம் அதை நோயாளிகளுக்கு வாசித்துக் காட்டியதோடு தன் கடமை தீர்ந்தது என்று இருந்துவிட்டாள். வெள்ளைக் கோட்டு மாட்டியதும் ஊர்ப் புத்தி எங்கே போயிற்றோ. இது மட்டும் நிஜமென்றால் அவள் பட்டத்தில் பாதி காலி. வேறு தலைப்பு எடுத்துக்கொள்ளேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் செனானு மறுபேச்சில்லாமல் கேட்டிருப்பாள், அதோடு ஒரு நல்ல ஆராய்ச்சிக்காரி தொலைந்திருப்பாள். எயிராமுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த மனுஷருக்கு எவ்வளவுதான் புரிகிறது என்று பார்த்துவிடும் ஆசை பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அமெடோ வீட்டில் இந்த முறை படங்களை வைக்கும் முன்பே செனானு முந்திக்கொண்டு, "அதுவும் கைதானே, அப்பா" என்றாள்.

அமெடோ அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு கை வெளியே வந்தது. கோப்பையைக் காட்டினார். ஆட்டைக் காட்டினார். இருபதுக்குப் பத்தொன்பது.

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி டெலாலி, கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"டாக்டரம்மா, வர்றவங்க போறவங்க கிட்டல்லாம், இவரு சீக்கிரம் போய்ச் சேர்ந்தாத் தேவலைன்னு இவரு எதிர்லயே சொல்லியிருக்கேனே. அது புரிஞ்சுதா இவருக்கு?"

செனானு தலையைக் குனிந்துகொண்டாள். எயிராம் குனியவில்லை.

"புரிஞ்சிருக்கும். புரியாதுன்னு உங்ககிட்டச் சொன்னது நான். தப்பு என்னுது."

இருவரும் வெளியே வந்து வண்டியில் ஏறினார்கள். நடந்த தப்பையெல்லாம் தன் பெயரைப் போட்டே ஆய்வில் எழுதும்படி செனானுவிடம் சொன்னாள் எயிராம். செனானு பட்டியலைப் பிரித்தாள். சைபர் வாங்கியவர்களில் இன்னும் பத்துப் பெயர் இருந்தது. நாலு பெயருக்கு நேரே இறந்துவிட்டார் என்று குறித்திருந்தது.

"இந்த நாலு வீட்டை விட்டுடலாமா, மேடம்?"

"அங்கதான் முதல்ல போகணும். அந்த வீட்லயும் புரியாதுன்னு சொன்னது நான்தானே" என்று எயிராம் வண்டியைக் கிளப்பினாள்.