ஆகாரமா, மருந்தா

நான் இரண்டு வருஷம் பொடி விற்றேன். அதற்கு முன்னால் தொட்டியத்தில் வாழைத்தார் ஏற்றினேன், திருப்பூரில் பனியன் மடித்தேன், நாக்பூர் வரை போகும் லாரியில் கிளீனராக இருந்தேன், ஒரு கல்யாண மண்டபத்தில் அண்டா கழுவினேன். படிப்பு எட்டாவதோடு நின்றது. எந்த ஊரிலும் மூன்று வருஷத்துக்கு மேல் கால் தங்கவில்லை. வருத்தப்பட ஒன்றுமில்லை. சிலருக்கு அப்படி அமைகிறது.

பொடி விற்றபோது சமயபுரத்தில் ஒரு லாட்ஜில் மாதக்கணக்கில் இருந்தேன். அங்கே மற்ற எல்லாரும் ஒரு நாள் தங்கிப் போகிறவர்கள். ஞாயிறு, செவ்வாய் கூட்டம் ஏறினால் மேனேஜர் என் அறையையும் அவர்களுக்குக் கொடுத்துவிடுவார். நான் மாடிப்படிக்குக் கீழே பாயை விரித்துக்கொள்வேன். மொட்டை அடித்த குழந்தைகள் சந்தனத் தலையோடு என் கால்களைத் தாண்டி ஓடும். அடுத்த நாள் வேறு மொட்டைகள். பேர் கேட்டுப் பழக நேரமிருக்காது.

பொடி ஆரஞ்சு மூடி போட்ட வெள்ளை டப்பாவில் வரும். சர்க்கரை குறையும், தெம்பு வரும் என்று தமிழில் பெரிதாகவும், மற்றதெல்லாம் இங்கிலீஷில் பொடி எழுத்திலும் அச்சடித்திருக்கும். அந்தப் பொடி எழுத்தை நான் ஒருநாளும் படித்ததில்லை. படிக்கத் தெரியாது. எங்கள் குழுத் தலைவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: "மருந்துன்னா பயப்படுறவங்ககிட்ட இது சாப்பாடுன்னு சொல்லுங்க. சாப்பாட்டுக்கு எதுக்கு இவ்ளோ விலைன்னு கேக்குறவங்ககிட்ட இது மருந்து மாதிரின்னு சொல்லுங்க. ரெண்டும் பொய் இல்லண்ணே."

மலைக்கோட்டைக் கடைத்தெருவில் நின்று விற்பேன், தில்லைநகர்ப் பூங்காவில் நடக்க வருகிறவர்களிடம் விற்பேன். புதன்கிழமைகளில் ஸ்ரீரங்கம். அங்கே உத்தர வீதியில் ஒரு வீட்டில்தான் என்னை உட்காரச் சொல்வார்கள்.

அவருக்கு எண்பது தாண்டியிருந்தது. பொன்மலை ரயில்வே பட்டறை ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகன் வெளிநாட்டில். சர்க்கரை வியாதிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையும் சாப்பிடுவார், என் பொடியும் சாப்பிடுவார். பொடியை வாங்கி வைத்ததும் பேப்பரை என் கையில் கொடுப்பார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு எழுத்து சரியாகத் தெரியவில்லை. நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு திருத்துவார்.

"வாக்காளர் ஓய். நடுவுல மூச்சு விடாதீர். லாரில பாரம் ஏத்தறாப்ல வாசிக்கறீர்."

"அதுதானே சாமி நமக்குப் பழக்கம்."

கூடம் வரைக்கும்தான் எனக்கு அனுமதி. அதைத் தாண்டினால் தளிகை உள் என்கிற சமையலறையும் பெருமாள் அலமாரியும். யாரும் தடுத்ததில்லை, நானும் போனதில்லை. ஒரு மணி நேரம் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துவிட்டு எழுந்தால், வாரத்தில் நான் மனிதரோடு பேசியது அந்த ஒரு மணி நேரம்தான். மற்றதெல்லாம் வியாபாரப் பேச்சு.

ஒரு புதன்கிழமை பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. சத்துப் பொடி, சத்து மாத்திரை விற்பவர்களுக்கு அரசாங்கம் கெடுபிடியைக் கூட்டப் போகிறது. விற்பதற்கு முன்னால் பரிசோதனை, உள்ளே இருப்பதெல்லாம் டப்பாமேல் தெரியும்படி அச்சு, மீறினால் தண்டனை. பொதுமக்கள் கருத்து அனுப்பலாம். நான் வாசித்து முடிப்பதற்குள் அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"எங்கம்மா அரைச்ச அங்காயப் பொடிக்கு எந்த ஆபீசர் கையெழுத்துப் போட்டான்? இன்னிக்கு உம்ம டப்பாம்பான், நாளைக்கு எங்காத்துச் சுக்குக்கு லைசென்ஸ் கேப்பான்."

எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாழைத்தார் பெருக்கும் என்று யாரோ விற்ற டானிக்கை வாங்கி அடித்தார். இலையெல்லாம் கருகிப்போயிற்று. பாட்டிலில் விலாசம்கூட இல்லை.

"வாழைக்கு அடிக்கிற டானிக்லயே கலப்படம் வருதுங்க சாமி. டெஸ்ட் பண்ணிட்டுப் போகட்டுமே."

"நீர் விக்கறவர். நான் வாங்கறவன். உமக்காக நான் சண்டை போடறேன், நீர் அவா பக்கம் பேசறீரே! பொழைக்கத் தெரியாத மனுஷன்."

அது உண்மைதான். அந்த வாரம் எங்கள் ஆட்களுக்கு ஒரு ஹாலில் கூட்டம் போட்டார்கள். சமோசா கொடுத்தார்கள். அரசாங்கம் நம் வயிற்றில் அடிக்கிறது என்று தலைவர் பேசினார். கெடுபிடி வேண்டாம் என்று அச்சடித்த தாள் ஆளுக்கு ஒரு கட்டு கொடுத்து, வாங்குகிறவர்களிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். அடுத்த புதன்கிழமை நான் ஒரு தாளை நீட்டினேன். அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அச்சடித்த அபிப்பிராயத்தில் கையெழுத்துப் போட மாட்டாராம். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, தானே அரசாங்கத்துக்கு ஒரு பக்கம் கடிதம் எழுதினார். அதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. அன்று நான் பேப்பர் வாசிக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். கடிதத்தை மடித்து உறையில் போட்டுக் கொடுத்தார்.

"இதைத் தபால்ல சேர்த்துடும். உங்க ஆசாமிகள்கிட்டக் குடுக்காதீர்."

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "நாளன்னிக்கு ஏகாதசி. மறுநாள் காலம்பர விரதம் முடிச்சுப் பண்ற பாரணைக்கு அகத்திக்கீரை வேணும். காந்தி மார்க்கெட்லேர்ந்து ஒரு கட்டு கொண்டு வந்து தர முடியுமோ?"

"வெள்ளிக்கிழமையே வாங்கிட்டு வந்துடறேங்க."

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "போன ஏகாதசி கோவிலுக்குப் போயிட்டுத் திரும்பறச்சே கால் துவண்டு போச்சு. சாப்பிடாத அன்னிக்குச் சக்கரை மாத்திரை போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். இந்தப் பொடியை எடுத்துக்கலாமோ? ஆகாரம்னா கூடாது. மருந்துன்னா தோஷமில்லை. இது ஆகாரமா, மருந்தா?"

இரண்டு வருஷமாக அந்த வீட்டில் நான் அதைச் சாப்பாடு என்றுதான் சொல்லியிருந்தேன். அதனால்தான் அவர் ஏகாதசிகளில் அதைத் தொட்டதில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால், மருந்து என்று யாராவது சொல்ல வேண்டும் என்று காத்திருப்பது தெரிந்தது. இன்னொன்றும் உண்டு. வேதம் படித்த வீட்டில் ஒரு பெரியவர் சாஸ்திர சம்பந்தமாக என்னைக் கேட்கிறார். அதுவரை எவரும் என்னிடம் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்டதில்லை. மூட்டையை எங்கே வைப்பது என்றுகூட.

"மருந்துதாங்க சாமி" என்றேன். "தாராளமா எடுத்துக்குங்க."

வெள்ளிக்கிழமை கீரைக் கட்டோடு போனபோது பதினொரு மணி இருக்கும். கதவு சாத்தியிருந்தது, தாழிடவில்லை. கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேட்டி, மேல்துண்டு எல்லாம் வேர்வையில் ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. என்னைப் பார்த்து, "எப்போ வந்தே? ஃப்ளைட் லேட்டா?" என்றார். மகன் என்று நினைத்துவிட்டார்.

லாரியில் எனக்கு ஒரு டிரைவர் இருந்தார், சர்க்கரை வியாதிக்காரர். ஒருமுறை சாப்பிடாமல் மாத்திரை போட்டுவிட்டு இப்படித்தான் உளறினார். தாபாக்காரர் ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் ஊட்டினார். அது ஞாபகம் வந்ததால் தப்பித்தோம். தளிகை உள்ளுக்கு ஓடினேன். அடுப்பு துடைத்துக் கோலம் போட்டிருந்தது. டப்பா டப்பாவாகத் திறந்தேன். பருப்பு, மிளகு, புளி. சர்க்கரை வியாதிக்காரர் வீட்டில் சர்க்கரை எங்கே இருக்கும்? பெருமாள் அலமாரியில் இருந்தது, பாலில் போட்டுப் பெருமாளுக்கு வைப்பதற்காக, சின்ன எவர்சில்வர் சம்புடத்தில். அப்படியே எடுத்துத் தண்ணீரில் கொட்டிக் கரைத்து, அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, முழுங்க முழுங்க ஊட்டினேன். பிறகுதான் வாசலுக்கு வந்து கத்தினேன். எதிர் வீட்டு மாமி ஆட்டோவைப் பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு. மாமியிடம் கேட்டார்.

"காலையில சுகர் மாத்திரை போட்டாரா?"

"ஏகாதசி அன்னிக்குப் போட மாட்டார். பட்டினிதான்."

"வயசானவர். பட்டினியாலேயே சுகர் இறங்கியிருக்கலாம்" என்று டாக்டரம்மா எழுதத் தொடங்கினார்.

அதோடு முடிந்திருக்கும். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் யார் என்றும் கேட்கவில்லை. என் பையில் கீரைக் கட்டும், அதன் அடியில் நான்கு டப்பாவும் இருந்தன. நான் வாயைத் திறக்காவிட்டால் அடுத்த புதன்கிழமையும் அந்த நாற்காலி எனக்கு உண்டு. திறந்தால் இல்லை. இது அப்போதே எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வாயைத் திறக்காவிட்டால் அவர் வீட்டுக்குப் போய் அடுத்த ஏகாதசிக்கும் அதே பொடியை எடுப்பார் என்பதும் தெரிந்தது.

ஒரு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "இதைச் சாப்பிட்டிருப்பாருங்க."

டாக்டரம்மா பொடி எழுத்தைப் படித்தார். "சிலது இப்படி வருது. சுகர் மாத்திரையை அரைச்சுக் கலந்துடுறாங்க. அப்பதான் குறையுதுன்னு வாங்குவாங்க. டெஸ்ட் பண்ணாம எதுவும் சொல்ல முடியாது. யார்கிட்ட வாங்கினாரு?"

"நான்தாங்க வித்தேன். இன்னைக்கு எடுத்துக்கலாம்னு சொன்னதும் நான்தான்."

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்டரம்மா டப்பாவை உணவுப் பாதுகாப்பு ஆபீசுக்கு அனுப்பப் போவதாகச் சொல்லி, என் பேரை எழுதலாமா என்று கேட்டார். எழுதச் சொன்னேன்.

சாயங்காலம் அவருக்குத் தெளிந்துவிட்டது. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது வேறு.

"சக்கரை எங்கேர்ந்து எடுத்தீர்?"

"பெருமாள் அலமாரியிலங்க."

"கை அலம்பினீரோ?"

"இல்லைங்க."

"போறது. அவர் கோச்சுக்க மாட்டார்." பிறகு, "பொடில நெஜமாவே மாத்திரை கலந்திருந்தா, நீர் சொன்னது சரிதான் ஓய். மருந்துதான் அது" என்று சொல்லி, சிரிக்கப் போய் இருமினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கடுதாசியைச் சேர்த்துட்டீரா?"

பையிலேயே இருந்தது. தபாலாபீஸ் பக்கம் இரண்டு நாளாகப் போகவில்லை. எடுக்கச் சொன்னார். அவர் கை ஊசியோடு கட்டியிருந்ததால் என்னை எழுதச் சொன்னார். அவருடைய அழகான எழுத்துக்குக் கீழே என் கோணல் எழுத்தில், அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: "சுக்கைப் பற்றி நான் எழுதியது எழுதியதுதான். டப்பாவில் அடைத்து ஊரெல்லாம் விற்கிற பொடியைப் பற்றி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். உள்ளே இருப்பதை வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் தெரியும் பாஷையில் எழுத வேண்டும்." விற்கிறவனுக்கும் என்பதை அவர்தான் சேர்த்தார். அன்றே தபாலில் போட்டேன். அகத்திக்கீரை வாடிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் ஒரு மாட்டுக்குக் கொடுத்தேன்.

குழுத் தலைவர் போனில் திட்டினார். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்றார். மிச்ச டப்பாக்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டேன். பிறகு ஒருமுறை உணவுப் பாதுகாப்பு ஆபீசுக்குப் போய் விசாரித்தேன். ஃபைல் இன்னும் முடிவாகவில்லை என்றார் அங்கே இருந்தவர். "உணவா இருந்தா நாங்க பாக்கணும். மருந்தா இருந்தா வேற டிபார்ட்மென்ட். முதல்ல அது எதுன்னு தெரியணுமில்லீங்க?" அவரைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்தக் கேள்விக்கு ஒரு நொடியில் பதில் சொன்னவன் நான். புதுச் சட்டம் வந்ததா என்று இன்றுவரை சரியாகத் தெரியாது. ஆரஞ்சு மூடிக்குப் பதில் பச்சை மூடி போட்ட டப்பாவைப் பூங்காவில் பார்த்தேன். அதே பொடியா என்பது மூடியைப் பார்த்துச் சொல்லக்கூடியதில்லை.

இப்போது சமயபுரத்தில் ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கிறேன். வேலையில் சேர்ந்த பிறகு வந்த ஏகாதசி அன்று விடுப்புச் சொல்லிவிட்டு, கீரைக் கட்டோடு உத்தர வீதிக்குப் போனேன். எதிர் வீட்டு மாமிதான் அவர் வீட்டு வாசலில் நின்றார். வழியை விடவில்லை.

"பிள்ளை வந்துட்டுப் போனான். நீங்க உள்ளே வர வேண்டாம்னு சொல்லியிருக்கான். தப்பா எடுத்துக்காதேள்."

"இல்லைங்க. இதைக் குடுத்துட்டுப் போயிடறேன்."

மாமி பையை வாங்கி, கீரையை விலக்கி அடிவரை பார்த்தார். "வெறும் கீரைதானே?"

"வெறும் கீரைதாங்க."

கூடத்தில் ஒரு பெண் குரல் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தது. யார் என்று எட்டிப் பார்த்தேன். பிள்ளை வாங்கிக் கொடுத்த போன் அது, தானாக வாசிக்கிறதாம், மாமி சொன்னார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். வாசலில் யார் நிற்பது என்று இத்தனை தூரத்தில் அவருக்குத் தெரிந்திருக்காது. போன் எங்கும் திக்கவில்லை, நடுவில் மூச்சு விடவில்லை. ஒரு முழுச் செய்தி முடியும்வரை நின்றேன். அவர் ஒரு வார்த்தையும் திருத்தவில்லை.

மாமி வெறும் பையைத் திருப்பிக் கொடுத்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.