ரெண்டு சைஸ் சின்னதா வேணும், டாக்டர்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் பட்டாசு கம்பெனி கேட்டில் நான் மாட்டிக்கொண்டேன்.

காரணம்? என் உள்ளாடை.

கெமிஸ்ட்ரி படித்தவள் நான். சிவகாசி ஆபீஸ் லேபில் பட்டாசு மருந்து சோதித்துக்கொண்டிருந்தவளை அன்றுதான் எம். புதுப்பட்டி ஃபேக்டரிக்கு மாற்றியிருந்தார்கள். நானே கெஞ்சி வாங்கிய மாற்றம். வானத்தில் பச்சையாக விரிய வேண்டியது சில நாள் ஏன் வெளிறிப் போகிறது? ஷெட்டில் நின்று பார்த்தால்தானே தெரியும்.

உள்ளே போகிற பெண்களைத் தடவிச் சோதிப்பவர் பேச்சியக்கா. என் விலாப்பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது.

"ஊக்கு குத்தியிருக்கீகளா மேடம்?"

"இல்லக்கா."

"பின்ன இங்கன என்ன, கம்பி கணக்கா தட்டுப்படுது?"

கம்பியேதான். பாரம் தாங்குவதற்காக அடியில் கம்பி வைத்துத் தைத்த பிரா.

"நீங்கதான மேடம் போர்டு எழுதிப் போட்டீக? ஊசி, ஊக்கு, கம்பி ஒண்ணும் உள்ள ஆகாதுன்னு?"

ஆமாம். உலோகம் உரசினால் பொறி. பொறி விழுந்தால் ஷெட் இல்லை. லேபில் இருந்தபோது நான் எழுதி அனுப்பிய வாசகம் அது. கீழே கையெழுத்தும் என்னுடையது.

பின்னால் வரிசையில் இருந்து ஒரு குரல். "மதினி, வெரசா விடுங்க. மேடம் கம்பி மத்தாப்பு கொண்டாந்திருக்காக போல."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

வாட்ச்மேன் அறையில் பிளேடு வாங்கிக் கம்பியை உருவினேன். உள்ளே போய்விட்டேன். ஆனால் சாயங்காலத்துக்குள் தோள்பட்டை இரண்டும் கழன்று விழாத குறை. கழுத்தில் தீ. மறுநாள் வெறும் காட்டன் பாடி... அதே கதை. நான்காம் நாள் மேனேஜர் சொன்னார்: "சிரமம்னா லேபுக்கே போயிருங்கம்மா. தீபாவளி சீசன் வரைக்கும் பாருங்க. அப்புறமும் முடியலன்னா வேற ஆள் போட்டுருவோம்."

ஷெட்டை விட்டுக்கொடுப்பதா?

அன்று பஸ் ஜன்னலில் சாய்ந்து, ஒரு கையால் தோளை அமுக்கிக்கொண்டு வந்தபோதுதான் பளிச்சென்று தோன்றியது. துணியை ஏன் மாற்ற வேண்டும்? உள்ளே இருப்பதை மாற்றினால் என்ன?

உங்களிடம் என்ன ஒளிவுமறைவு. என் நெஞ்சில் இருப்பது முழுக்க என்னுடையது அல்ல. ஒன்பது வருடத்துக்கு முன், சென்னையில் முதல் வேலை, கையில் சொந்தச் சம்பளம். ஆசைப்பட்டு இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டேன். யாரும் வற்புறுத்தவில்லை. வருத்தமும் இல்லை. அளவில்தான் ஆசை கொஞ்சம் அதிகமாகிவிட்டது. பட்டாசுக் கடையில் நிற்கும் பிள்ளை மாதிரி, இருப்பதிலேயே பெரிய பெட்டியைக் காட்டிவிட்டேன்.

மதுரையில் ஒரு பெண் டாக்டரைப் பார்த்தேன். பத்தொன்பது கேள்விகளை நோட்டில் எழுதிப் போயிருந்தேன்.

"ரெண்டு சைஸ் சின்னதா வேணும், டாக்டர். அதோட லிஃப்ட்டும் பண்ணி, ஒரே நாள்ல முடிச்சிருங்க."

"நெட் சென்டர்ல எவ்வளவு நேரம் உட்கார்ந்தீங்க?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நிதானமாகச் சொன்னார். "பழசை எடுத்துட்டுச் சின்னதை வைக்கலாம். பாரம் நல்லாவே குறையும். ஆனா இத்தனை வருஷம் விரிஞ்ச தோல் கொஞ்சம் தளர்ந்து தொங்கலாம். லிஃப்ட்ங்கிறது அந்த அதிகப்படித் தோலை எடுத்துட்டுத் தூக்கித் தைக்கிறது. காம்பைச் சுத்தியும் கீழயும் தழும்பு இருக்கும். மங்கும், மறையாது. கல்யாணம், குழந்தைன்னு யோசனை இருக்கா?"

"இருக்கு. மாப்பிள்ளைதான் இன்னும் கிடைக்கல."

"குழந்தை பிறந்தா வடிவம் மறுபடி மாறும். லிஃப்ட் பண்ணினா பால் கொடுக்கிறதுல சிரமமும் வரலாம். இப்ப மாத்துறது மட்டும் செய்வோம். ஒரு ஆறு மாசம் தோல் என்ன பண்ணுதுன்னு பார்த்துட்டு லிஃப்ட் பத்திப் பேசலாம்."

ஆறு மாதமா? எனக்கு ஆறு நிமிடம் பால் பொங்கக் காத்திருக்க முடியாது. ஆனால் யோசித்தால், லேபில் நான் செய்வதும் இதுதானே? ஒரே கலவையில் இரண்டு மருந்தை மாற்றினால், நிறம் எதனால் மாறியது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். உடம்பு விஷயத்தில் மட்டும் எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கிறோம்... கண்ணாடிக்கு அவ்வளவு அவசரம்!

ஆக, முடிவு இது. பழசு கசிந்திருக்கிறதா என்று பார்க்க அடுத்த வாரம் ஸ்கேன். தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருக்கும் நாட்களில் ஆபரேஷன். மறுபடி ஷெட்டுகள் திறக்கும்போது, தோள் நிமிர்ந்து நானும் அங்கே நிற்பேன்.

ஒரே ஒரு சிக்கல். முதல் இரண்டு வாரம் கையைத் தூக்கக் கூடாதாம். தலைவாரிவிடக்கூட ஆள் வேண்டும். அந்த ஆள் மல்லாங்கிணறில் இருக்கும் என் அம்மா. "மெட்ராஸ் சாப்பாடு பிள்ளைக்கு ஒத்துக்கிருச்சு" என்று இந்த ஒன்பது வருடமும் நம்பிக்கொண்டிருக்கிறவர். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியையும் ஒரு வாரம் விடாமல் படிக்கிறவர்.

நாளைக்கு முதல் பஸ் பிடிக்கிறேன். பத்திரிகை கடைக்கு வருமுன் நான் வீட்டுக்குப் போயாக வேண்டும்.