கையெழுத்தும் தேதியும் போட்ட திருத்தம்

கடலோரத்தில் ஓர் அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் திருநாவுக்கரசுக்குப் பாதுகாப்புப் பிரிவில் வேலை. அடுத்தவர் எழுதிய காகிதத்தில் தப்பு கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. கண்டுபிடித்தால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடுவார். திருக்கழுக்குன்றத்திலிருந்து கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களிடமே பேனா வாங்கித் திருத்திக் கொடுத்த மகானுபாவர்.

அவருடைய ஒன்றரை வயது மகள் அனுவுக்கு இடது கண்குழியில் ரத்தக்குழாய்கள் கொத்தாக வளர்ந்து கட்டியாகியிருந்தன. புற்றுநோய் இல்லை, மருந்திலேயே சுருங்கிவிடும் என்றார் செங்கல்பட்டில் கண் டாக்டரம்மா. சுருங்கவும் செய்தது. ஆனால் அத்தனை மாதம் இமை மூடியே கிடந்ததில் அந்தக் கண் பார்க்கப் பழகவில்லை.

"நல்ல கண்ணை தினம் ரெண்டு மணி நேரம் பேட்ச் ஒட்டி மூடுங்க. அப்பதான் இந்தக் கண்ணு வேலை செய்யும். இப்ப விட்டா பார்வை திரும்பாது" என்று சீட்டில் 'வலது கண்' என்று எழுதினார். அதைக் கேட்டது மனைவி லதா மட்டும். திருநாவுக்கரசு வெளியே போனில் யாருக்கோ விதிமுறை விளக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டில் சீட்டைப் பார்த்தவருக்கு ஏக குஷி. டாக்டரே தப்பு பண்ணியிருக்கிறார்!

"இன்னாடி இது? கட்டி இடது கண்ல கீது, இந்தம்மா வலதுன்னு எழுதிக்கீது."

"இல்லீங்க, நல்ல கண்ணத்தான் மூடணும்னாங்க."

"நல்லா கீற கண்ண எவனாவது மூடுவானா? போ, போ."

'வலது' அடிபட்டது, 'இடது' ஏறியது. கையெழுத்து, தேதி. அவர் அடித்துச் சொன்ன வேகத்தில், தான்தான் தப்பாகக் கேட்டோமோ என்று லதாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இரண்டு மாதம், மாலை ஆறானால் அவரே பேட்ச் ஒட்டினார். அனு அழவே இல்லை. நல்ல கண் திறந்திருக்கும்போது பிள்ளை எதற்கு அழும்? அதையும் தன் கைராசி என்று ஆபீஸில் சொல்லிக்கொண்டார்.

மறுபரிசோதனையில் டாக்டரம்மா முகம் மாறியது. "பேட்ச் ஒழுங்கா போட்டீங்களா?"

"ஒரு நாள் தவறல மேடம்" என்று சீட்டை நீட்டினார்.

திருத்தத்தை டாக்டரம்மா இரண்டு முறை படித்தார். "வேலை செய்ய வேண்டிய கண்ணையே மூடி வச்சிருக்கீங்க சார். இருந்த பார்வையும் குறைஞ்சிருக்கு. இன்னும் காலம் இருக்கு. ஆனா எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது."

அங்கேயே வலது கண்ணில் பேட்ச் ஒட்டினார். அனு வீறிட்டாள். திருநாவுக்கரசு அவள் முன்னால் மண்டியிட்டார்.

"அனும்மா, அப்பா இங்கதான்டா கீறேன்."

குரல் வந்த பக்கம் குழந்தை கையை நீட்டியது. அவர் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றைத் துழாவியது.