இறக்கத்துக்குப் பக்கத்துப் பிரஜை

இங்கிலிஷில் என்னைக் கவிழ்த்தது நீளமான சொல் எதுவும் இல்லை. பி, வை என்று இரண்டே எழுத்து. 'பை'.

தொண்ணூறுகளின் கடைசி. இலங்கையில், யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நான் ஏழாம் வகுப்பு. வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயத்தில் இங்கிலிஷ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரை யார் கிளப்பிவிட்டது என்று கேட்டால், நான்தான்.

அந்த மாதம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் 'பை' நடத்தியிருந்தார். ஆற்றுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் அதற்கும் பை. பஸ்ஸில் போனால் அதற்கும் பை. சட்டை அம்மாவால் தைக்கப்பட்டது என்றால் அம்மாவுக்கு முன்னாலும் ஒரு பை. போயிட்டு வாறேன் என்பதும் இந்தப் பைதானா என்று ஒருத்தி கேட்க, அது வேறு பை என்று டீச்சர் சொல்ல, வகுப்பே சிரித்தது. இரண்டெழுத்துக்கு இத்தனை வேலையா, பாவம் என்று எனக்குத் தோன்றியது. கொப்பியில் முதல் அர்த்தமாகப் 'பக்கத்தில்' என்று எழுதி, கோடும் போட்டுக்கொண்டேன்.

சித்தப்பா பக்கத்துக் காம்பராவில் இருந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது அவர் வேலை. எப்படியோ லைசன்ஸ் எடுத்து, குவைத்தில் டிரைவர் வேலைக்கும் ஆளைப் பிடித்துவிட்டார். மாதக் கடைசிக்குள் பாஸ்போர்ட் கொடுத்தால் வேலை அவருக்கு. இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு. ஏஜென்சியில் கொடுத்த பாஸ்போர்ட் படிவம் இங்கிலிஷ் பக்கம் மட்டும் எடுத்த போட்டோ கொப்பி.

"எங்க வீட்டு துரைச்சாணி, இத கொஞ்சம் நெரப்பிக் குடுங்க" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை என் முன்னால் வைத்தார். சித்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்கோ தலைகால் புரியவில்லை.

பேர், ஊர் எல்லாம் சுலபமாகப் போனது. ஓர் இடத்தில் 'சிட்டிசன் பை டிசென்ட்', 'சிட்டிசன் பை ரெஜிஸ்ட்ரேஷன்' என்று இரண்டு இருந்தன. பொருந்தாததை வெட்டிவிட வேண்டும். சிட்டிசன் என்றால் பிரஜை, அது தெரியும். டிசென்ட் என்பதற்கு என் சின்ன அகராதியில் முதலில் 'இறக்கம்' என்று போட்டிருந்தது. அதற்குமேல் படிக்க எனக்குப் பொறுமை ஏது? ரெஜிஸ்ட்ரேஷன் என்றால் பதிவு. அப்படியானால் விஷயம் வெள்ளிடைமலை. இறக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பிரஜை ஒரு வகை, டவுனில் பிறப்பு இறப்பு பதிகிற கந்தோருக்குப் பக்கத்தில் இருக்கிற பிரஜை இன்னொரு வகை. நம் லயத்துக்குப் பின்னால் காலை வைத்தால் நேரே ஓடையில்தான் போய் விழ வேண்டும். நான் ரெஜிஸ்ட்ரேஷனை வெட்டினேன்.

"என்னா புள்ள கேக்குறாங்க?"

"நம்ம வீடு எங்க இருக்குன்னு கேக்குறாங்க சித்தப்பா. இறக்கத்துக்குப் பக்கத்துலன்னு போட்டுட்டேன்."

"சரியாத்தான் போட்டிருக்க. ரோட்டு மோசம்னும் ஒரு வரி எழுதிவிடு."

அவர் கொழும்பு பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போன நாளில் இருட்டுவதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டார். படிவம் கையில் அப்படியே இருந்தது. அம்மா ஓடிப்போய் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"வெட்டுனது மாறிப்போச்சாம் அண்ணி. டிசென்ட்னா வம்சாவளியாம், பொறப்பால பிரஜை. நாங்க அது இல்லியாம். அப்பா மனு போட்டு வாங்குன பிரஜாவுரிமைப் பத்திரத்துல என் பேரும் இருக்கே, அதப் பார்த்துட்டு 'ஒயாலா லியாபதிஞ்சி'ன்னுட்டான். நீங்க பதிஞ்சு சேத்துக்கிட்டவங்கன்னு. நான் பொறந்தது இங்க, எங்கப்பா பொறந்தது இங்க, இதே மலைன்னு சிங்களத்துல சொல்லிப் பார்த்தேன். பின்னால லைன் நிக்குது, தள்ளுன்னான்."

புதுப் படிவம் எடுத்து மறுபடி போவதற்குள் மாதம் முடிந்துவிடும். குவைத் வேலை போனது போனதுதான். அதுவும் என்னால். அந்த 'ஆல்' என்பதற்கும் பைதான் என்று நினைவு வந்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சித்தப்பா திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்து ஏதாவது வேலை வந்தால் கைவசம் இருக்கட்டும் என்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுப் படிவத்தோடு என்னிடமே வந்தார். இந்தத் தடவை நான் கத்துக்குட்டி இல்லை. ரூலர், புதுப் பேனை, எல்லாம் தயார். டிசென்ட்டை வெட்டப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத மட்டும் மெல்லிசா வெட்டு புள்ள. பால் வெட்டுற மாதிரி, மரத்துக்குக் காயம் படாம. கீழ என்னா எழுதியிருக்குன்னு தெரியணும்."

அவருக்கு இங்கிலிஷில் ஓர் எழுத்துத் தெரியாது. அது தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. இன்னும் என்மேல் நம்பிக்கை வரவில்லை போல என்று ரோஷம்தான் வந்தது. இந்தத் தடவை யாரும் குறை சொல்லக் கூடாது. ரூலரை வைத்து, அழுத்தி மூன்று கோடு இழுத்து, அந்தச் சொல்லில் ஓர் எழுத்துகூட வெளியே தெரியாமல் அடைத்துவிட்டேன்.

"இப்ப சரியா சித்தப்பா?"

அவர் படிவத்தை வாங்கி, நான் அடைத்த இடத்தை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கெட்டிக்காரி என்று சொல்லப்போகிறார் என்று நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.