ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு

பல்லாவரத்தில் என் கணவர் வேலை பார்த்த தோல் பட்டறையை மூடிய பிறகு எங்களுக்குச் சோறு போட்டது, மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருமுனையில் இருந்த மளிகைக் கடைதான். கடைக்காரர் அந்தப் பக்கத்துப் பழைய ஊர்க்காரர். ஒருநாள் பருப்பு வாங்கிக்கொண்டும் நகராமல் நின்ற என்னைப் பார்த்து அவரே கேட்டார்.

"இன்னாக்கா யோசனை? இட்லி மாவு அரைச்சு எடுத்துனு வா. ஃப்ரிட்ஜுல கீழ்த் தட்டு காலியாத்தான் கீது. நான் வித்துத் தர்றேன்."

அரிசியும் உளுந்தும் அவரிடமே வாங்கி அரைத்தேன். ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகிறவர்கள் மாவு வாங்கினார்கள். கடைப் படியில் ஒரு பூக்கார அம்மா உட்கார்ந்திருப்பார். மாவுக்கு வந்தவர்கள் பூவும் வாங்கினார்கள். என் மகள் பள்ளிப் படிப்பை முடித்தது அந்த மாவில்தான்.

தெருவுக்குப் பின்னால் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தபோது கடைக்காரரும் பூக்கார அம்மாவும் நானும் சந்தோஷப்பட்டோம். ஆனால் குடிவந்தவர்களுக்கு எல்லாமே போனில் வந்தது. எங்கள் தெருக்காரர்களும் மெல்ல அதற்குப் பழகினார்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்து கடைக்காரர் பகலில் ஃப்ரிட்ஜை அணைத்துவைத்தார். என் மாவு புளித்துப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கடைக்காரரும் அந்தக் குடியிருப்பின் சங்கக் கூட்டத்துக்குப் போனோம். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"சார், கூப்பிடற தூரத்துலதான் கீறோம். போன் பண்ணா நானே கொண்ணாந்து குடுக்கிறேன்."

"கண்டிப்பா. லோக்கல் கடைங்களை நாமதான் சப்போர்ட் பண்ணணும்" என்றார் செயலாளர். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஒரு வாரம் வந்தார்கள். ஒரு பெண் என் மாவுப் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி கடைக்காரரோடு படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். பிறகு கூட்டம் குறைந்தது. கடைசியில் யாருமே வரவில்லை. எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை என்று சொன்னால் அது பொய்.

கடை இருந்த கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறேன் என்று இடத்தின் சொந்தக்காரர் சொன்னபோது கடைக்காரர் கடையைக் காலி செய்தார். ஷட்டரை இறக்கிவிட்டார். மூடிய ஷட்டருக்கு முன்னால் பூக்கார அம்மா சில நாள் உட்கார்ந்து பார்த்தார். பிறகு அவரையும் காணவில்லை. நான் மெயின் ரோட்டு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய், என் மாவை வைத்துக்கொள்வார்களா என்று கேட்டேன்.

"எங்க கைல இல்ல மேடம். எல்லாம் ஹெட் ஆபீஸ்தான்" என்றார் மேனேஜர். ஹெட் ஆபீஸ் எந்த ஊரில் என்று கேட்டதற்கு அவருக்கே தெரியவில்லை.

இப்போது பெருங்களத்தூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறேன். போன மாதம் பஸ்ஸில் கடைக்காரரின் மனைவியைப் பார்த்தேன். குன்றத்தூரில் மகள் வீட்டோடு இருக்கிறார்களாம்.

"அண்ணா எப்படி இருக்காரு?" என்றேன்.

"இன்னாத்தச் சொல்றது. யாராச்சும் கேட்டைத் தட்னா 'இன்னா வேணும்'னு எழுந்து ஓடறாரு. பார்த்தா, பொண்ணு போன்ல வாங்கின மளிகையைக் கொண்ணாந்திருப்பாங்க. கைநீட்டி வாங்கி வெப்பாரு. அப்புறம் பாக்கெட்டுல போட்ட வெலையை ஒண்ணொண்ணா பார்ப்பாரு."

என் நிறுத்தம் வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டு இறங்கினேன்.