மூச்சை எண்ணிய சிஸ்டர்

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு வைகாசி மாதம். காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறியில் கல்யாணப் புடவை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஒருவர் தனியாக நெய்ய முடியாது. என் வீட்டுக்காரர் நெய்ய, கரை நூல் சுற்றிய நாடாவை நான் பக்கத்தில் உட்கார்ந்து போட வேண்டும். நான் எழுந்தால் தறி நின்றுவிடும்.

ஒன்றரை வயது மகனுக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கும் வாந்தியும். தண்ணீர் கொடுத்தால் வாந்தி எடுக்கிறான் என்று தண்ணீரையும் நிறுத்தியிருந்தேன். அது என் மேதாவித்தனம். மூன்றாம் நாள் போக்கு நின்றதும் தறிக்குப் பக்கத்தில் தூளியில் போட்டேன். நடுநடுவே கையை விட்டு அடித்துணியைத் தொட்டுப் பார்ப்பேன். காய்ந்தே இருந்தது. பட்டில் ஈரம் பட்டுவிடப் போகிறதே என்று தினமும் பயந்து சாகிறவள் நான். பிள்ளை இன்றைக்கு நம்மை வேலை செய்ய விடுகிறான் என்று சந்தோஷப்பட்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை அவனுக்கு மூச்சு வேகவேகமாக வாங்கியது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எதிர் வீட்டுக் குழந்தைக்கு இழுப்பு வந்தபோது புகை மிஷின் வைத்ததும் சரியானதை நான் பார்த்திருந்தேன். அதனால் டாக்டரைப் பார்க்கும் முன்பே எனக்கு வைத்தியம் தெரிந்துவிட்டது. மிஷின் வையுங்கள், மிஷின் வையுங்கள் என்று கத்தினேன்.

அங்கிருந்த சிஸ்டருக்கு நாற்பது வயதிருக்கும். மிஷின் பக்கமே போகவில்லை. பிள்ளையின் சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு கண் வாட்சிலும் ஒரு கண் அவன் வயிற்றிலுமாக நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"புள்ள மூச்சுக்குத் தவிச்சுக்கினு இருக்குது, நீங்க வேடிக்கை பார்த்துக்கினு நிக்கறீங்களே. படிச்சிட்டுத்தான் வந்தீங்களா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. ஒரு நிமிஷம் முழுசாக முடிந்த பிறகுதான் அவர் நிமிர்ந்தார்.

"கடைசியா எப்பம்மா ஒன்னுக்குப் போனான்?"

மூச்சு வாங்குகிறது என்றால் இதையா கேட்பார்கள் என்று அதற்கும் சண்டை போட்டேன். அவர் அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்டார். அப்போதுதான் யோசித்தேன். நேற்று முழுக்கத் துணி காய்ந்திருந்தது. முந்தாநாள் சாயங்காலம் போனதுதான். சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது.

அவர் நேராக டாக்டரிடம் போனார். "இழுப்பு மாதிரி தெரியல சார். சத்தமே இல்லாம ஆழமா வாங்கறான். முந்தாநாள்லருந்து ஒன்னுக்கே போகலையாம்."

டாக்டர் உடனே எழுந்து வந்தார். நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டார், ரத்தம் எடுத்தார், குளுக்கோஸ் ஏற்றினார். உடம்பில் நீர் வற்றி சிறுநீரகம் நின்றுவிட்டது, ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது, அதைக் குறைக்கத்தான் மூச்சு இப்படி ஓடுகிறது என்றார். சென்னைக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆம்புலன்ஸ் வரும் வரை சிஸ்டர் கால் மணிக்கு ஒருமுறை வந்து மூச்சை எண்ணி ஒரு சீட்டில் எழுதினார். பக்கத்திலேயே சிறுநீர் இல்லை, இல்லை, இல்லை என்று வரிசையாக எழுதியிருந்தார்.

சென்னை டாக்டர் அந்தச் சீட்டை இரண்டு தரம் படித்தார். "இதை எழுதினவங்க பாதி வேலைய முடிச்சு அனுப்பியிருக்காங்கம்மா" என்றார். வயிற்றில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்தார்கள். பிழைப்பானா என்று கேட்டால் மூன்று நாளும் இப்போது சொல்ல முடியாது என்றார்கள். நாலாம் நாள் காலை சிறுநீர் பிடிக்கும் பையில் கொஞ்சமாக மஞ்சள் நிறம் இறங்கியது. பக்கத்துக் கட்டில் அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

ஒரு மாதம் கழித்து, மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். வேறொரு குழந்தையின் பக்கத்தில் நின்றிருந்தார். கொஞ்சம் இரு என்று கையைக் காட்டினார். காத்திருந்தேன்.

"அன்னிக்கு ரொம்பப் பேசிட்டேன் சிஸ்டர்" என்றேன்.

மகன் கன்னத்தைக் கிள்ளியபடியே சொன்னார்: "எனக்கு ஒன்னும் காதுல விழலம்மா. எண்ணிக்கினு இருந்தேன். நடுவுல விட்டா மறுபடி மொதல்லருந்து இல்ல எண்ணணும்?"

இன்றைக்கும் நான் கேட்டதைச் செய்யாமல் யாராவது வேறெதையோ பார்த்துக்கொண்டு நின்றால், திட்ட வாய் திறக்கும் முன், அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று நானும் ஒரு நிமிஷம் பார்க்கிறேன்.