எலெங்கூ நீட்டும் கை

முதலில் மெழுகுவர்த்தி இறங்கும். கயிற்றில் கட்டிய தகரக் குவளையில் அதை நிறுத்தி, ஒயின் தாழியின் அடிவரை விட்டுப் பார்ப்பாள், எங்கள் ஊர்த் தாழிகளையெல்லாம் கழுவும் எலெங்கூ. சுடர் அணையாமல் எரிந்தால் உள்ளே காற்று சரி. உடனே கல்யாண மோதிரத்தைக் கழற்றித் தாழியின் சொந்தக்காரரிடம் கொடுப்பாள். ஒயின் கசியாமலிருக்க உள்ளே பூசிய மெழுகில் கீறல் விழக்கூடாது. பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, கால், இடுப்பு, ஒரு நெளிவு, அவ்வளவுதான், ஆளைக் காணோம்.

தாழியின் வாய் ஒரு முழத்துக்குச் சற்று அதிகம். எலெங்கூவுக்கு வயது நாற்பத்தாறு, மூன்று பிள்ளைகள். ஜூன் பிறந்ததும் ரொட்டியைக் குறைத்துவிடுவாள். கல்யாண வீட்டில் யாராவது கேக்கை நீட்டினால், "இத நான் தின்னா, ஆகஸ்ட்ல உன் தாழிக்குள்ள உன் மாமியாரத்தான் இறக்கணும். பரவால்லயா?" என்பாள். மாமியார் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பார்.

உள்ளே திராட்சைக் கொடித் துடைப்பத்தாலும் சாம்பல் தண்ணீராலும் தேய்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். தாழிக்குள்ளிருந்து வரும் பேச்சு நாலு வீட்டுக்குக் கேட்கும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? பாதிரியாருடைய கழுதை யார் கொடியை மேய்ந்தது என்பதெல்லாம் எங்களுக்கு இந்த வழியில்தான் தெரியவந்தது.

கடைசி வேலை மோப்பம். அடிச்சுவரை வலது உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிட்டு மேலே வந்து முகர்வாள். நன்றாக இருந்தால் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு சர்க்கரை இல்லாத காப்பி கேட்பாள். புளிப்பு ஏறியிருந்தால் பேச மாட்டாள். அந்தக் கையைத் தாழிச் சொந்தக்காரர் மூக்குக்கு நேராக நீட்டுவாள். தாழியைக் கவிழ்த்துவிட வேண்டியதுதான், இனி அதில் ஒயின் ஊற்ற முடியாது. என் தாழிக்கு அந்தக் கதி வந்தபோது, "எங்கப்பா காலத்துத் தாழி தங்கச்சி" என்று இழுத்துப் பார்த்தேன். "உங்கப்பா இருந்தா என்னைக் கூப்பிடாமலே கவுத்திருப்பார்ணே" என்றாள். இப்போது அதன்மேல் பூனை படுத்துக்கொள்கிறது.

இருபத்திரண்டு வருடங்களாக எங்கள் ஊரில் ஒரு வீட்டு ஒயினும் புளித்துக் காடியாகவில்லை. சைப்ரஸ் மலையில் வேறு எந்த ஊர்க்காரனாவது இப்படி நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும், பார்க்கலாம். கீழூர்க்காரர்கள் எங்கள் மண்ணைப் புகழ்வார்கள், காற்றைப் புகழ்வார்கள். எலெங்கூ என்று சொல்ல மட்டும் வாய் வராது.

ஈஸ்டர் அன்று கோயில் முற்றத்தில் ஊருக்கே ஒயின் ஊற்றுவது பன்னிரண்டு வீட்டார் முறை. முறை வரும் வீட்டின் பெரிய தாழியிலிருந்துதான் ஊற்ற வேண்டும். அது தேறாவிட்டால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும், இன்னும் பன்னிரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். எங்கள் ஊர் சவ்வாஸ் போன தடவை தன் முறையை அப்படித்தான் இழந்தார். எலெங்கூ நீட்டிய கைதான் காரணம்.

இந்த வருடம், அடுத்த ஈஸ்டருக்கான முறை எலெங்கூவின் வீட்டுக்கே வந்தது. அவள் கணவர் ஹம்பிஸ் வசந்தத்திலிருந்தே யாரைப் பார்த்தாலும் அதைத்தான் பேசினார். தாழி கழுவும் நாளில் நாங்கள் பத்துப் பேர் முற்றத்தில் கூடிவிட்டோம். சவ்வாஸ் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றார்.

"தங்கச்சி மூக்கு அடுத்த வீட்ல மட்டுந்தான் வேல செய்யுதான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"நல்லா நின்னு பாருங்கண்ணே. வெயிலு, தொப்பியப் போட்டுக்கங்க."

மோதிரத்தை ஹம்பிஸ் வாங்கித் தன் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டார். எலெங்கூ இறங்கினாள். அன்று உள்ளேயிருந்து பேச்சே இல்லை, துடைப்பச் சத்தம் மட்டும் வழக்கத்தைவிட நெடுநேரம் கேட்டது. தலைமுடியெல்லாம் ஈரமாக மேலே வந்தாள். உள்ளங்கையை முகர்ந்தாள். இன்னொரு முறை முகர்ந்தாள். அவள் இரண்டாம் முறை முகர்ந்து நான் பார்த்ததே இல்லை.

ஹம்பிஸ் காப்பியோடு தயாராக நின்றார். எலெங்கூ கையை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இன்னொரு தடவ தேச்சா?" என்றார், எங்களுக்குக் கேட்கக்கூடாதென்று தணித்த குரலில்.

"போகாது."

"பன்னெண்டு வருஷம், எலெங்கூ."

"தெரியும்."

நீட்டிய கையை அவள் இறக்கவில்லை. இந்த ஊரில் பிறந்ததற்கு அன்றுபோல் என்றும் நான் பெருமைப்பட்டதில்லை. சவ்வாஸ் கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

ஹம்பிஸ் காப்பியைக் கீழே வைத்தார். சுண்டுவிரலிலிருந்து மோதிரத்தை உருவி, அந்த ஈரக்கைக்கு அவரே போட்டுவிட்டார்.

அந்தத் தாழியைக் கவிழ்க்க ஐந்து ஆள் வேண்டும். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றபோது, எலெங்கூ அதன் பின்பக்கம் போய் முதல் ஆளாகத் தோளைக் கொடுத்தாள்.